மாற்றுத்திறன் மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி அமைப்பது எப்படி?

பார்வைக்குறைபாடு, செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மூளை முடக்குவாதம் ஆகியவற்றுடன் வாழும் குழந்தைகள் பலர் இன்று தமிழ்நாட்டில் தங்கள் ஊர்ப் பொதுப் பள்ளியிலேயே படிக்கிறார்கள். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியவர் என்பதால், ஒரு பள்ளியில் அவரால் தொடர்ந்து இருக்க இயலாது. அவர் வராத நாள்களில் எல்லாப் பாடவேளைகளிலும் அந்தக் குழந்தையின் ஆசிரியர் வகுப்பாசிரியர்தான். ஆகவே வகுப்பாசிரியருக்குக் கிடைக்கும் பயிற்சியின் தரமே அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் கல்வியின் தரமாகிறது. அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையத்திலோ பள்ளியளவிலோ இருபது, இருபத்தைந்து பொது ஆசிரியர்களுக்கு இத்தகைய பயிற்சியை நடத்தும் பொறுப்பு ஏற்கும் தலைமையாசிரியர்கள், ஆசிரியர் பயிற்றுநர்கள், சிறப்புப் பயிற்றுநர்கள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 16-இல் கல்வி நிறுவனங்களின் கடமைகளையும், பிரிவு 17-இல் அரசு எடுக்க வேண்டிய நடவடிக்கைகளையும் வகுத்திருக்கிறது. பாகுபாடின்றிச் சேர்த்தல், தனிப்பட்ட தேவைக்கேற்ற வசதி செய்தல், கற்றல் குறைபாட்டை விரைவில் கண்டறிதல் ஆகியவை பள்ளியின் கடமைகள். உள்ளடக்கிய கல்விக்கு எல்லா நிலைகளிலும் துணை நிற்கும் ஆசிரியர்களையும் பணியாளர்களையும் பயிற்றுவிப்பது அரசின் கடமை. பயிற்சியின் தொடக்கத்தில் இவ்வளவைச் சொன்னால் போதும். சட்டம் வகைப்படுத்தியிருக்கும் 21 குறைபாடுகளுக்கும் வரையறையும் காரணமும் சொல்லி ஒரு முழுநாளைச் செலவிடுவது வழக்கமாக இருக்கிறது; அந்த நாள் முடிந்து வகுப்புக்குத் திரும்பும் ஆசிரியருக்கு மறுநாள் முதல் பாடவேளையில் என்ன செய்வது என்று தெரிவதில்லை.

பயிற்சிக்கு முன்: ஒரு குழந்தை, ஒரு பக்கம்

பயிற்சி நாளுக்கு மூன்று வாரம் முன்பே, பங்கேற்கும் ஒவ்வோர் ஆசிரியரிடமும் தம் வகுப்பிலுள்ள ஒரு குழந்தையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். கல்வித் தகவல் மேலாண்மைப் பதிவேட்டிலும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையிலும் குறைபாட்டின் வகையும் விழுக்காடும் இருக்கும். ‘செவித்திறன் குறைபாடு, 75 விழுக்காடு’ என்ற குறிப்பிலிருந்து அந்தச் சிறுமி ஆசிரியரின் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறாளா, கருவியைத் தினமும் அணிகிறாளா, வீட்டில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பவற்றில் எதுவும் தெரியாது. எனவே அந்தப் பக்கத்தில் மருத்துவச் சொற்கள் வேண்டாம். குழந்தை தானாகச் செய்பவை, துணையோடு செய்பவை, ஆர்வத்தோடு ஈடுபடும் செயல்கள், எந்தப் பாடவேளையில் ஒதுங்கிப்போகிறது, இடைவேளையில் யாரோடு விளையாடுகிறது, கழிப்பறைக்கு எப்படிச் செல்கிறது, ஆசிரியருக்கு விடை தெரியாத ஒரு கேள்வி எது ஆகியவை இருந்தால் போதும். இதை எழுதுவதற்காக ஆசிரியர் குழந்தையின் தாயிடமோ தந்தையிடமோ பேசியாக வேண்டும் என்பது இந்தப் பக்கத்தின் கூடுதல் பயன். மூன்று ஆண்டுகளாகத் தன் வகுப்பில் இருக்கும் குழந்தையின் வீட்டாரோடு ஒருமுறைகூட உட்கார்ந்து பேசாத ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது, பேசச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

பக்கத்தில் குழந்தையின் பெயரை மாற்றி எழுதச் சொல்லுங்கள். பயிற்சிக் கூடத்தில் பகிரப்படும் செய்தி அடுத்த நாள் ஊருக்குள் பேச்சாகிவிடக் கூடாது. ஒளிப்படமும் காணொளியும் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலுடன் மட்டுமே காட்டப்பட வேண்டும்.

வந்த பக்கங்களைப் படித்த பிறகே பாடப்பொருளை முடிவு செய்யுங்கள். அந்தக் குறுவள மையத்தில் பார்வையற்ற குழந்தை ஒருவரும் இல்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுவோர் பதினைந்து பேர் இருக்கிறார்கள் என்றால், நேரத்தின் பெரும்பகுதி வாசிப்புக்கே போக வேண்டும். பொதுவான கட்டகம் ஒன்று மாநில அளவில் வந்திருந்தாலும் அதற்குள்ளேயே இப்படி எடையை மாற்றிக்கொள்ள இடமிருக்கிறது.

யார் கருத்தாளராக இருக்க வேண்டும்

சிறப்புப் பயிற்றுநர் ஒருவரும், பொது வகுப்பில் இந்தக் குழந்தைகளோடு நன்றாகப் பணியாற்றிக்கொண்டிருக்கும் வகுப்பாசிரியர் ஒருவரும் இணைந்து நடத்துவது சிறந்தது. முதலாமவருக்கு உத்தி தெரியும். இரண்டாமவருக்கு நாற்பது குழந்தைகள் இருக்கும் வகுப்பில் அந்த உத்தி எங்கே உடைகிறது என்று தெரியும். இயன்முறை மருத்துவர் ஒரு மணி நேரம் வந்து உட்காரும் நிலையையும் நாற்காலியின் உயரத்தையும் செய்து காட்ட வேண்டும். மூளை முடக்குவாதமுள்ள குழந்தையின் பாதம் தரையிலோ பலகையிலோ முழுதாகப் படியாமல் தொங்கினால் உடலை நிமிர்த்தி வைப்பதிலேயே அதன் ஆற்றல் செலவாகிவிடும். எழுதுவதற்குக் கை வராது. காலடியில் ஒரு மரப்பலகை வைத்தாலே பலருக்கு எழுத்தின் தெளிவு மாறுவதை அந்த ஒரு மணி நேரத்திலேயே காட்டிவிடலாம்.

மாற்றுத்திறனாளியாக வளர்ந்து இன்று ஆசிரியராகவோ வேறு பணியிலோ இருக்கும் ஒருவரைக் கட்டாயம் அழையுங்கள். மற்றக் கருத்தாளர்களுக்குத் தரும் மதிப்பூதியத்தை அவருக்கும் தாருங்கள். தன்னம்பிக்கைச் சொற்பொழிவுக்காக அவரை மேடையேற்றக் கூடாது. பள்ளியில் எந்த ஆசிரியர் செய்த எந்தச் சிறு ஏற்பாடு தமக்கு உதவியது, எது தம்மை வெளியே நிறுத்தியது என்று அவரிடம் கேளுங்கள். ஆசிரியர்கள் மிகக் கூர்ந்து கேட்கும் அமர்வு பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பெற்றோர் ஒருவரையும் இதே மதிப்போடு அழைக்கலாம்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் செய்வது, காதைப் பஞ்சால் அடைத்துக்கொள்ளச் செய்வது போன்ற பயிற்சிகளை நான் பரிந்துரைப்பதில்லை. பத்து நிமிடம் கண் கட்டப்பட்டவருக்குக் கிடைப்பது திடீரெனப் பார்வை போன அச்சம் மட்டுமே. பிரெயிலும் நடமாட்டப் பயிற்சியும் கற்ற ஒரு சிறுவனின் அன்றாடம் அதில் தெரிவதில்லை. அச்சத்திலிருந்து பரிதாபம் பிறக்கிறது. பரிதாபப்படும் ஆசிரியர் அந்தக் குழந்தையிடம் வீட்டுப்பாடம் கேட்பதை நிறுத்திவிடுகிறார்.

வாசிப்பு: அதிக நேரம் கேட்கும் அமர்வு

எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத குழந்தைகளைப் பற்றிய அமர்வைத் தமிழ் எழுத்தின் இயல்பிலிருந்து தொடங்குங்கள். நமக்குப் பழகிப்போனதால் கடினமாகத் தோன்றாத பல இடங்கள் கற்றல் குறைபாடுள்ள குழந்தைக்குத் தடையாக நிற்கின்றன. ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னே எழுதப்படுகிறது, ஆனால் ஒலி மெய்க்குப் பின்னே வருகிறது. ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. அதன் கால் ‘ர’ போலத் தெரிவதால் ‘கெர’ என்று படிக்கும் குழந்தை கண்ணுக்குத் தெரிந்ததையே படிக்கிறது. ‘கௌ’ என்பதும் ‘கெள’ என்பதும் பல அச்சுகளில் வேறுபாடின்றித் தோன்றும். உகர வரிசையில் கு, சு, டு, து, மு என்று குறியின் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறுகிறது. ‘க’ என்ற ஒரே எழுத்து கல், பகல், தங்கம் என்னும் மூன்று சொற்களில் மூன்று விதமாக ஒலிக்கிறது. ண, ன, ந; ல, ள, ழ; ர, ற ஆகியவை பேச்சில் பல வட்டாரங்களில் கலந்துவிட்டவை. இவற்றை ஆசிரியர்களே பட்டியலிடட்டும். தம் மாணவரின் குறிப்பேட்டிலிருந்து ஐந்து பிழைகளைக் கொண்டுவந்து, ஒவ்வொரு பிழையும் எந்த இடத்தில் பிறக்கிறது என்று குழுவாக அமர்ந்து பார்க்கட்டும். ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்த பிழைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இருப்பது அப்போது தெரியவரும்.

அடுத்ததாகச் செய்ய வேண்டியது, தடை எங்கே இருக்கிறது என்று பிரித்தறியும் பயிற்சி. முதலில் கண்ணும் காதும் சோதிக்கப்பட்டனவா என்று உறுதி செய்ய வேண்டும். கண்ணாடி போட்டதும் படிக்கத் தொடங்கும் குழந்தைகள் உண்டு. பின்பு ஒரு பத்தியை ஆசிரியர் படித்துக் காட்டி வாய்மொழியாகக் கேள்வி கேட்க வேண்டும். குழந்தை சரியாக விடை சொன்னால், பொருள் புரிதல் நன்றாக இருக்கிறது; எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் வழியில்தான் சிக்கல். அந்தக் குழந்தைக்குத் தமிழ்ப் பாடவேளையில் ஒலியைப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சி வேண்டும். ‘மரம்’ என்ற சொல்லை ம, ர, ம் என்று கைதட்டிப் பிரிப்பது, முதல் ஒலியை மாற்றிக் ‘கரம்’ ஆக்குவது, மூன்று சுழி ‘ண’வையும் இரண்டு சுழி ‘ன’வையும் மணலிலோ மணல்தாளிலோ விரலால் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்வது போன்றவற்றை நாளுக்குப் பதினைந்து நிமிடம் செய்தால் போதும், ஆனால் நாள் தவறாமல் செய்ய வேண்டும். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் அதே குழந்தைக்குப் பாடத்தைப் படித்துக் காட்டி, விடையை வாய்மொழியாகப் பெற வேண்டும். வாசிக்க இயலாமை அறிவியலைக் கற்பதற்குத் தடையாகக் கூடாது.

ஆசிரியர் ஒரு குழந்தைக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாக ஐயப்படலாம், பதிவு செய்யலாம், பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லிச் சோதனைக்கு அனுப்பலாம். முடிவு சொல்லக் கூடாது. சான்று வழங்குவது தகுதி பெற்ற உளவியலாளரும் மருத்துவக் குழுவும் செய்ய வேண்டிய பணி. சான்று வரும்வரை உதவியை நிறுத்திவைக்க வேண்டியதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். மேலே சொன்ன பயிற்சிகளுக்குச் சான்று எதுவும் தேவையில்லை. இந்தத் துறையில் ஆழமான பயிற்சி வேண்டுவோர்க்குச் சென்னையிலுள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் ஆசிரியர்களுக்கென்றே வகுப்புகள் நடத்திவருகிறது.

செவித்திறன் குறைபாடு

கேட்புக் கருவி அணிந்த குழந்தை எல்லாவற்றையும் கேட்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கருவி ஆசிரியரின் குரலோடு மின்விசிறியின் இரைச்சலையும் பக்கத்து வகுப்பின் கூட்டு வாசிப்பையும் சேர்த்தே பெருக்குகிறது. ஆசிரியர் இரண்டு மூன்று அடி தொலைவில் இருக்கும்போது குரல் தெளிவாக இருக்கும். கரும்பலகையருகே போய்த் திரும்பி நின்றதும் குரலும் குறையும், உதடும் மறையும். எழுதும்போது பேசாமல் எழுதி முடித்துத் திரும்பிப் பேசுவது என்ற ஒரே பழக்கத்தை இந்த அமர்வில் எல்லா ஆசிரியர்களும் செய்து பழக வேண்டும். சொல்வதற்கு எளிது; பத்து ஆண்டுகளாக வேறு விதமாகப் பழகிய கைக்கும் வாய்க்கும் கடினம். அதனால் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் பாடம் நடத்த, மற்றொருவர் எத்தனை முறை பலகையைப் பார்த்துப் பேசினார் என்று எண்ணிச் சொல்லட்டும்.

உதட்டசைவை மட்டும் நம்பியிருக்க இயலாது என்பதைக் காட்டுவதற்கு, ‘பாடு’, ‘மாடு’ என்ற இரு சொற்களைக் குரலின்றி உச்சரித்துக் காட்டுங்கள். ஒருவராலும் பிரித்தறிய முடியாது. பாடத்தின் முக்கியச் சொற்களை முன்கூட்டியே பலகையில் எழுதிவைப்பதும், மற்ற மாணவர் சொன்ன விடையை ஆசிரியர் திரும்பச் சொல்வதும் ஏன் தேவை என்று அதன்பின் விளக்கமே வேண்டியிருக்காது. முகத்தில் ஒளி விழும்படி ஆசிரியர் நிற்க வேண்டும். சன்னல் ஆசிரியரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் நிழலாகிவிடும்.

கருவி வேலை செய்கிறதா என்று காலையில் பார்க்கும் முறையையும் கற்றுக்கொடுங்கள். ஆசிரியர் வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை வரிசை மாற்றி, இடையில் அமைதியும் விட்டுச் சொல்ல வேண்டும்; கேட்டதும் குழந்தை திருப்பிச் சொல்லலாம் அல்லது ஒரு புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போடலாம். தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்த அதிர்வெண் வரை பேச்சின் பரப்பை இந்த ஆறும் உள்ளடக்கியிருப்பதால், நேற்றுக் கேட்ட ‘ஸ்’ இன்று கேட்கவில்லை என்றால் மின்கலமோ காதில் பொருத்தும் கருவியின் அச்சில் அடைந்த மெழுகோ காரணமாக இருக்கலாம். அதற்கும் சரியாகவில்லை என்றால் கேட்பியல் வல்லுநரிடம் அனுப்ப வேண்டும். ஒரு நிமிடத்துக்குமேல் ஆகாத சோதனை இது.

சைகைமொழியைத் தாய்மொழி போலப் பேசும் குழந்தைக்கு ஆசிரியரின் இருபது, முப்பது சைகைகள் போதா. ஆனால் அவையே தொடக்கம். டெல்லியிலுள்ள இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட காணொளி அகராதியை வெளியிட்டிருக்கிறது. வகுப்பு முழுவதும் வாரத்துக்கு ஐந்து சைகைகளைக் கற்றால் அந்தக் குழந்தைக்கு இடைவேளையில் பேச்சுத்துணை கிடைக்கும்.

பார்வைக்குறைபாடு

இந்த அமர்வில் ஆசிரியரின் பேச்சே பயிற்சிக்குரிய பொருள். ‘இதை இங்கே போட்டு, இதோடு அதைக் கூட்டினால்’ என்று பலகையைத் தொட்டுக்காட்டிச் சொல்லும் வாக்கியம் பார்க்க முடியாத குழந்தைக்கு ஒன்றையும் சொல்வதில்லை. இரண்டிரண்டு பேராக முதுகு காட்டி அமரச் செய்யுங்கள். ஒருவர் பாடநூலிலுள்ள செடியின் பாகங்கள் படத்தைச் சொற்களால் மட்டும் விவரிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டே வரைய வேண்டும். வரைந்த படம் விவரித்தவரின் பேச்சை அவருக்கே காட்டிவிடும். கணக்கைப் பலகையில் செய்யும்போது ஒவ்வோர் எண்ணையும் குறியையும் வாய்விட்டுச் சொல்வது, அருகில் போகும்போது தம் பெயரைச் சொல்வது, இருக்கைகளை மாற்றியமைத்தால் முதலில் அந்தக் குழந்தையை அழைத்துச் சென்று காட்டுவது ஆகியவை இதோடு சேர வேண்டியவை.

பொது ஆசிரியர் பிரெயிலில் புலமை பெற வேண்டியதில்லை. ஆறு புள்ளிகளின் அமைப்பையும், பிரெயில் எழுதும் சட்டத்தில் ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிப்பதையும் கையால் செய்து பார்த்திருந்தால், எழுதி முடிக்கக் கூடுதல் நேரம் ஏன் தேவை என்பது அவருக்குப் புரியும். சட்டமும் ஊசியும் கணிதத்துக்கான டெய்லர் சட்டமும் வட்டார வள மையத்தில் இரவல் கேட்டுப் பாருங்கள். குறைந்த பார்வையுள்ள குழந்தைகளின் தேவை வேறு: கூச்சமில்லாத வெளிச்சம், வெளிறாத கரும்பலகை, பெரிய எழுத்து, நூலை உயர்த்திவைக்கும் தாங்கி. எந்த அளவு எழுத்து, எந்த இடம் என்பதை அந்தக் குழந்தையிடமே கேட்டறிய வேண்டும்.

அறிவுசார் குறைபாடு: இலக்கை எழுதும் கலை

ஒவ்வொரு குழந்தைக்கும் தனியே எழுதப்படும் தனிநபர் கல்வித் திட்டத்தில் ‘எண்களை அறிவாள்’, ‘ஒழுங்காக நடந்துகொள்வாள்’ என்ற வரிகளை நிறையப் பார்க்கிறோம். எப்போது நிறைவேறியது என்று யாராலும் சொல்ல முடியாத இலக்கு அது. ‘10 ரூபாய், 20 ரூபாய்த் தாள்களைக் கலந்து வைத்தால், கேட்ட தாளை ஐந்து முறையில் நான்கு முறை சரியாக எடுத்துத் தருவாள்’ என்று எழுதினால் கற்பிப்பதற்கும் வழி தெரியும், மாதக் கடைசியில் சரிபார்க்கவும் முடியும். ஒவ்வோர் ஆசிரியரும் தாம் கொண்டுவந்த பக்கத்திலிருக்கும் குழந்தைக்கு இத்தகைய மூன்று இலக்குகளை எழுதாமல் கூடத்தைவிட்டுப் போகக் கூடாது.

இலக்கைப் படிகளாகப் பிரிப்பதையும் செய்து பார்க்க வேண்டும். சத்துணவுக்கு முன் கை கழுவுவதைக் குழுக்கள் எழுதும்போது முதலில் நான்கு படி வரும். ஒருவர் எழுந்து, எழுதியதை மட்டும் அப்படியே செய்து காட்டினால், குழாயைத் திறக்கச் சொல்லவே இல்லை என்பது தெரியும். பதினொரு படி, பன்னிரண்டு படி என்று அது விரியும். குழந்தை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அந்த ஒரு படியை மட்டும் கற்பித்து, துணையைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்வதே முறை.

வகுப்பைவிட்டு ஓடுவது, கத்துவது, அடிப்பது போன்ற நடத்தைகளைப் பற்றி ஆசிரியர்கள் கட்டாயம் கேட்பார்கள். உடனே தீர்வு சொல்லாதீர்கள். நடத்தைக்கு முன் என்ன நடந்தது, நடத்தை என்ன, பின்பு என்ன நடந்தது என்று மூன்று பத்தியில் இரண்டு வாரம் பதியச் சொல்லுங்கள். மணி அடித்த உடனே காதைப் பொத்திக்கொண்டு ஓடும் புறவுலகச் சிந்தனையற்ற (ஆட்டிசம் உள்ள) குழந்தைக்கும், எழுதச் சொன்ன உடனே ஓடும் குழந்தைக்கும் ஒரே மருந்து பொருந்தாது. முன்னவருக்கு மணி அடிக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லும் பட அட்டவணை உதவும். பின்னவருக்கு எழுத்துவேலையின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

வலிப்பு வந்தால்

அரைமணி நேரம் போதும், ஆனால் விட்டுவிடக் கூடாத அமர்வு. சாவிக்கொத்தோ இரும்போ கையில் கொடுக்கும் வழக்கத்தால் பயன் ஒன்றும் இல்லை. வாயில் கரண்டியோ துணியோ திணிப்பதும், தண்ணீர் புகட்டுவதும், கைகாலை அழுத்திப் பிடிப்பதும் தீங்கானவை. சுற்றியுள்ள கூர்மையான பொருள்களை நகர்த்தி, தலைக்கு அடியில் மென்மையாக ஏதேனும் வைத்து, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன்பே மீண்டும் வந்தாலோ, முதல்முறை வருவதாக இருந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும். தெளிந்து எழும் குழந்தை வெட்கப்படாதபடி மற்ற மாணவர்களை அப்புறப்படுத்துவதும் ஆசிரியரின் பொறுப்பு. தரையில் ஒருவரைப் படுக்கவைத்து எல்லோரும் செய்து பார்க்கட்டும்.

நாள்களைப் பிரித்து வைத்தல்

தொடர்ச்சியாக மூன்று நாள் நடத்துவதைவிட, முதலில் இரண்டு நாளும், நான்கு வாரம் கழித்து ஒரு நாளும் என்று பிரிப்பது நல்லது. அமெரிக்கக் கல்வியாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் ஆசிரியர் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1980-களில் எழுதியவற்றின் சாரம் இது: கருத்தை விளக்குவதும் செய்து காட்டுவதும் பயிற்சிக் கூடத்தில் செய்ய வைப்பதும் திறனைத் தரும், அந்தத் திறன் வகுப்பறையில் நிலைபெற, பக்கத்தில் இருந்து கைகொடுக்கும் தொடர்துணை வேண்டும். நம் பயிற்சிகளில் முதலில் வெட்டப்படுவது இந்தத் தொடர்துணைதான். அதற்கான நாள்களை முன்பே நாட்காட்டியில் குறித்து, ஆசிரியரின் ஒப்புதலையும் வாங்கிவிட்டால் அது தப்பிக்கும்.

முதல் இரண்டு நாளில் குறைந்தது பாதி நேரம் ஆசிரியர்கள் எழுந்து நின்று எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் தாம் நடத்தவிருக்கும் பாடத்தையே எடுத்து, தம் பக்கத்திலுள்ள குழந்தைக்காக அதில் மூன்று மாற்றங்கள் செய்து, பத்து நிமிடம் நடத்திக் காட்டச் சொல்லுங்கள். நான்காம் வகுப்பில் பின்னங்களை நடத்துபவர், வட்டத்தைப் பலகையில் வரைவதோடு நிறுத்தாமல் சப்பாத்தியைப் பிட்டுக் காட்டலாம், தொட்டறியும்படி அட்டையில் வெட்டித் தரலாம், விடையை எழுதுவதற்குப் பதிலாகத் துண்டை எடுத்துக் காட்டச் சொல்லலாம். இந்த மாற்றங்கள் ஒரு குழந்தைக்காகத் தொடங்கி வகுப்பிலுள்ள எல்லோருக்கும் பயன்படுவதை ஆசிரியர்களே கண்டுகொள்வார்கள்.

வகுப்பறைக்குச் செல்லுதல்

இரண்டு நாள் முடிந்த பத்து நாளுக்குள் முதல் வகுப்பறைச் சந்திப்பு நடக்க வேண்டும். இது மேற்பார்வை என்று ஆசிரியர் அஞ்சினால் பயன் போய்விடும்; பார்வையாளர் எழுதும் குறிப்பு அதிகாரிகளுக்குப் போகாது என்று தலைமையாசிரியர் முன்னிலையிலேயே உறுதி சொல்லுங்கள். முழுப் பாடவேளையும் அமர்ந்து நான்கைந்து செய்திகளை மட்டும் பாருங்கள்: அந்தக் குழந்தையிடம் கேள்வி கேட்கப்பட்டதா, விடைக்கு எத்தனை நொடி காத்திருந்தார், யார் பக்கத்தில் அமர்ந்திருந்தது, மற்றவர்கள் எழுதும்போது இந்தக் குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது. காத்திருக்கும் நேரம் மிக முக்கியமானது. பேச்சுத்தசை இறுகிய குழந்தைக்கு வாயில் சொல் உருவாகவே பத்து நொடி ஆகும், அதற்குள் கேள்வி அடுத்தவருக்குப் போய்விடுகிறது.

சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் குழந்தையை வராந்தாவுக்கு அழைத்துச் சென்று தனியே பாடம் நடத்துவது எளிதான ஏற்பாடு. சில திறன்களுக்கு அது தேவையும்கூட. ஆனால் அவர் வகுப்புக்குள்ளேயே வகுப்பாசிரியரோடு இணைந்து ஒரு பாடவேளையை நடத்தினால், அவர் வராத நாள்களில் என்ன செய்வது என்பது வகுப்பாசிரியருக்குக் கண்முன்னே தெரிந்துவிடும். பயிற்சியின் மிகச் சிறந்த பகுதி இதுவே என்பது என் உறுதியான கருத்து.

நான்கு வாரம் கழித்து நடக்கும் மூன்றாம் நாளில் புதிய பாடப்பொருள் வேண்டாம். ஒவ்வொருவரும் தம் மூன்று இலக்குகளில் எது நகர்ந்தது, எது நகரவில்லை என்று மாணவரின் குறிப்பேட்டோடு வந்து சொல்ல, மற்றவர்கள் வழி தேடட்டும். தேர்வுச் சலுகைகளையும் அன்றே பேசிவிடலாம். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றுக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இவற்றைத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் மருத்துவச் சான்றோடு கோர வேண்டும். சான்று பெறவே மாதங்கள் ஆகலாம் என்பதால் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். சொல்வதை எழுதுபவரோடு இரண்டு மூன்று உள்தேர்வுகளாவது எழுதிப் பழகாத மாணவருக்குப் பொதுத்தேர்வு நாளில் அந்தச் சலுகையே சுமையாகிவிடும்.

மேலும் படிக்க விரும்புவோர்க்கு

ஒவ்வொரு பயிற்சியிலும் ஓரிருவர் இதையே தம் பணியாக ஏற்க விரும்புவார்கள். சிறப்புக் கல்வியில் பட்டயமும் இளங்கல்வியியல் பட்டமும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் ஏற்புப் பெற்ற நிறுவனங்களில் படித்தால் மட்டுமே செல்லும். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அந்தக் குழுமத்தின் மையப் பதிவேட்டில் பதிந்தவரே சிறப்பு ஆசிரியராகப் பணியாற்ற முடியும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பன்முக மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம், கோவை பெரியநாயக்கன்பாளையத்திலுள்ள இராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா கல்வி வளாகம், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறையில் படிப்புகளை நடத்தியிருக்கின்றன. உச்சநீதிமன்றத்தின் 2021 அக்டோபர் தீர்ப்பைத் தொடர்ந்து, தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்க்கு ஒருவர், மேல்வகுப்புகளில் 15 மாணவர்க்கு ஒருவர் என்ற அளவில் சிறப்பு ஆசிரியர் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2022 ஜூனில் அறிவித்திருப்பதால், இந்தத் தகுதிக்கான தேவை தொடர்ந்து இருக்கும். சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்கு ஏற்பு நடப்பில் இருக்கிறதா என்பதைக் குழுமத்தின் இணையதளத்தில் பார்த்த பிறகே கட்டணம் செலுத்த வேண்டும். செய்முறைப் பயிற்சிக்குச் சிறப்புப் பள்ளியோடு பொதுப் பள்ளிக்கும் அனுப்புகிறார்களா என்பதையும் சேர்க்கைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.